பூட்டிய வீடெல்லாம் பேய் வீடா? காணொளிப் பிரபலங்களால் நம் ஊருக்கு வந்த வினை

மேலவளவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் பூர்விக வீடு கானாடுகாத்தானிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே இன்னும் இரண்டு பேர் கேமராவோடு வந்து நிற்பார்கள். வீட்டில் 9 பங்கு. நான் ஒருவன்தான் காரைக்குடியில் இருக்கிறேன், மற்ற பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஆகவே வருடத்தில் முக்கால்வாசி நாள் வீடு பூட்டித்தான் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு எரியும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும், கல்யாணத்துக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும் திறப்போம். போன தை மாதம்கூட 140 பேர் பந்தி சாப்பிட்டுப் போனார்கள்.

இந்த வீட்டைத்தான் ஒரு யூடியூப் பிரபலம், "80 வருடமாகத் திறக்காத செட்டிநாட்டுப் பேய் பங்களா" என்று காட்டியிருக்கிறார். பெயர் சொல்லி அவருக்கு இன்னும் நான்கு பார்வைகள் வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை. பட்டாலை எனும் கூடத்தின் மேல் உத்தரத்தில் தொட்டில் கட்டும் கொக்கிகள் இருக்கின்றன. என் அப்பச்சியை (அப்பாவை) ஆட்டிய தொட்டிலும் அதில்தான் தொங்கியது, என்னை ஆட்டியதும் அதில்தான். "இந்தக் கொக்கியில்தான் மூன்று பேர் தூக்கில் தொங்கினார்கள்" என்கிறார் அந்த மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. இரண்டாங்கட்டில் கிடந்த அப்பத்தாவின் பல்லாங்குழியை எடுத்துக் காட்டி "மாந்திரீகப் பலகை" என்கிறார். எனக்குச் சிரிப்பதா, செருப்பை எடுப்பதா என்று தெரியவில்லை.

பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள். அதன்பிறகு இரவு நேரங்களில் டார்ச் விளக்கோடு பையன்கள் சுவரேறிக் குதிக்க ஆரம்பித்தார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் ஆணியால் பெயர் கீறியிருக்கிறார்கள். காதல் சின்னம் வேறு. கண்ணாடிபோல் வழவழவென்று இருந்த சுவர் அது, அந்தப் பூச்சு பூசத் தெரிந்த கொத்தனாரை இன்று எங்கே போய்த் தேடுவது? போன மாதம் எனாமல் தூக்குகள் ஒரு அடுக்கு காணவில்லை. பின்கட்டுத் தூணிலிருந்து செதுக்கல் பலகைகள் இரண்டைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காணொளியின் கீழே நான் மரியாதையாக ஒரு விளக்கம் எழுதினேன். அதை நீக்கிவிட்டார்கள். நீக்குவதற்குள் அவருடைய ரசிகர்கள் என் தாயாரை வரைக்கும் இழுத்துவிட்டார்கள்.

கதவைத் திறந்துவிட்டது எங்கள் காவல்காரர். கேட்டால், "சிங்கப்பூரிலிருந்து போனில் சொன்னார்கள் ஐயா" என்கிறார். அப்படி யாரும் சொல்லியிருக்க முடியாது. காசு வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நன்றாகத் திட்டிவிட்டேன்.

என்ன செய்யலாம்? இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டமா?

முகப்பு

அண்ணன், உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் இந்த இழை "காணொளி எடுப்பவனெல்லாம் அயோக்கியன்" என்று போய்விடக் கூடாது என்பதற்காக முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றிய ஓர் இடத்தில் மேலாளர். செட்டிநாட்டு ஊர்களின் பெயர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014இலேயே ஏறிவிட்டது. அதைப் படித்துவிட்டு எங்கள் விடுதிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு, ஒரு பெண் வந்து வளவில் (நடு முற்றத்தில்) மழை பெய்வதை 40 விநாடி எடுத்துப் போட்டார். அந்த டிசம்பர் முழுவதும் அறை காலி இல்லை. சமையல்காரர் முதல் கூட்டிப் பெருக்கும் அம்மா வரை 14 பேர் சம்பளம் வாங்குகிறார்கள். அந்தப் பெண் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

பூட்டியே கிடந்து, வாரிசுகள் சண்டையில் இடிந்து, தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்குப் போன வீடுகள் எத்தனை? அதையெல்லாம் செய்தவர்கள் யூடியூப்காரர்கள் அல்லவே.

தேவகோட்டை ஆச்சி

முகப்பு தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, சுடவும் செய்கிறது. நம் வீட்டுத் தூணை விற்றவர்கள் நாம்தான். ஆனாலும் விற்றவன் தன் பங்கை விற்றான். வந்தவன் திருடியிருக்கிறான். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நான் 31 வருடம் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டைப் பற்றி மேலவளவு சொன்னார், நான் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மாநிறம், லட்சணமான முகம். இரண்டு மாதத்தில் முகம் ஒரு மாதிரி வெளிறி, கன்னத்தில் செதில் செதிலாக உரிகிறது. விசாரித்தால், தினமும் பார்க்கும் ஒரு அக்கா "ஏழே நாளில் நிறம்" என்று சொன்ன களிம்பாம். அந்த "அக்கா"வை இவள் நேரில் பார்த்ததே இல்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் அச்சிடவில்லை.

2023இல் கேரளத்தின் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட வெளுப்புக் களிம்புகளில் இருந்த பாதரசத்தால் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிச் செய்தி வந்ததே, யாராவது படித்தீர்களா? பாதரசம் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, கால் வீங்குகிறது. அவளுடைய தாயாரை அழைத்துச் சொன்னேன். "டீச்சர், அந்தப் பொண்ணுக்கு 6 லட்சம் பேர் இருக்கிறார்கள், பொய் சொல்வாளா?" என்று என்னிடமே கேட்கிறார். 31 வருடம் பாடம் சொன்ன எனக்கு அத்தனை பேர் இல்லை, என்ன செய்வது.

இன்ஸ்டாகிராம் தங்கள் உடலைப் பற்றிப் பதின்பருவப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கும் தாழ்வுணர்ச்சியை இன்னும் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆவணமே சொன்னது 2021இல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கே கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நாம் இன்னும் சோறு ஊட்டுவதற்கே போனைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பூக்கல்

ஆத்தங்குடியிலிருந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறையாகப் பூக்கல் (பூ வேலைப்பாடு உள்ள தரைக்கல்) போடுகிறோம். என் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

காணொளி வந்த பிறகு ஆர்டர் கூடியது, மறுக்கவில்லை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, சட்டத்தைத் தூக்கும்போது பூ நிற்கும் பாருங்கள், அந்த ஒரு நொடியை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பதை ஒருவரும் எடுப்பதில்லை. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கல் கல்லாவது அங்கேதான். "வீடியோவில் ஒரு நிமிடத்தில் செய்கிறீர்களே, எனக்கு ஏன் ஒரு மாதம்?" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். அந்த அவசரத்துக்காகப் பாதி ஊறிய கல்லை அனுப்பும் பட்டறைகளும் வந்துவிட்டன. அது விரிசல் விட்டால் கெட்ட பேர் மொத்த ஊருக்கும்.

இன்னொரு கொடுமை. வீட்டு அலங்காரம் பற்றிப் பேசும் ஒரு பெண்மணி, "ஆத்தங்குடிக் கல்லைப் புளித்தண்ணீரால் தேய்த்தால் பளபளக்கும்" என்று சொல்லிவிட்டார். இது சுட்ட கல் அல்ல, சிமெண்டு. புளிப்பு எதுவாக இருந்தாலும் சிமெண்டை அரிக்கும். பித்தளைக் குடத்துக்குச் சொன்ன வைத்தியத்தைத் தரைக்குச் சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு வீடு, 900 சதுர அடி, முழுக்க வெளுத்துவிட்டது. "உன் கல் மட்டம்" என்று மீதிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். "நான் என் அனுபவத்தைத்தான் சொன்னேன் சார்" என்றார். அவர் வீட்டில் இருப்பது ஆத்தங்குடிக் கல்லே இல்லை. அதுபோல் அச்சடித்த பீங்கான் கல்.

கணக்கப்பிள்ளை

பூக்கல் சொன்ன "என் அனுபவம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தப்பிக்கும் வாசல் அதுதான். என் தொழிலில் தினம் பார்க்கிறேன்.

என் நண்பரின் மகன், பொறியாளர், நல்ல வேலை. பங்குச் சந்தை பற்றிக் காணொளி போடும் ஒருவரிடம் 45,000 ரூபாய் கட்டி ஆப்ஷன் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் வணிகம்) வகுப்புப் படித்தான். காரும் கடிகாரமும் காட்டுகிற ஆசாமி. ஏழு மாதத்தில் 6 லட்சம் போய்விட்டது. வீட்டுக்குச் சொல்லாமல் கடன் செயலிகளில் வாங்கியது தனி. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாகத் தலைக்கு 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். காரில் உட்கார்ந்து பேசுபவர் இதில் வரும் 93ஆ 7ஆ என்றுகூட நாம் கேட்பதில்லை. பெரும்பாலும் அவருக்குப் பணம் வருவது சந்தையிலிருந்து இல்லை, உங்கள் 45,000இலிருந்து.

நம் நகரத்தார்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் ஒரு பையனைப் பெட்டியடியில் (பணப்பெட்டி அருகே) உட்காரவைப்பார்கள். வருடக்கணக்கில் குறிப்பு எழுதி, வட்டி போட்டுப் பழகி, அடுத்தாள் (உதவியாளர்) ஆகி, பிறகுதான் கடையை நடத்தும் மேலாள். அதுவரை பிறத்தியார் பணத்தில் கைவைக்க முடியாது. மேலாள் தவறான ஆளுக்குக் கடன் கொடுத்தால் கேட்பதற்கு முதலாளி இருந்தார், ஊரில் பேர் இருந்தது. அந்த முறையிலும் ஆயிரம் குறை உண்டு, பர்மாவில் நிலத்தை இழந்த உழவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். ஆனால் சொன்ன சொல்லுக்கு ஆள் இருந்தான். இங்கே சொன்னவர் அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்.

சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. செபியும் 2025 ஜனவரியில், பாடம் நடத்துகிறேன் என்பவர்கள் கடைசி மூன்று மாதத்து விலையைக் காட்டிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டது. பணம் கட்டி ஆடும் சூதாட்டச் செயலிகளுக்கு விளம்பரம் செய்தால் 2025 ஆகஸ்டில் வந்த சட்டப்படி சிறையே உண்டு. புகார் கொடுக்க நுகர்வோர் உதவி எண் 1915, பணம் பறிபோனால் 1930. நம்மவர்கள்தான் புகார் கொடுக்க வெட்கப்படுகிறார்கள், ஏமாந்தது ஊருக்குத் தெரிந்துவிடுமாம்.

கண்டாங்கி

நானும் காணொளி போடுகிறவன்தான். காரைக்குடி. 19,000 பேர் பின்தொடர்கிறார்கள், அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி திட்டுங்கள், ஆனால் ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் ஆறு நாள் உட்கார்ந்து, நூல் சாயம் முதல் மடிப்பு வரை ஒரு காணொளி எடுத்தேன். 340 பார்வை. அதில் 40 என் உறவினர்கள். அடுத்த வாரம் ஒரு மெஸ்ஸில் 12 நண்டை ஒரே உட்காரலில் சாப்பிடும் காணொளி போட்டேன். 80,000 பார்வை. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் வயிற்று வலி, அது வேறு. யூடியூபில் விளம்பரப் பணம் வர ஆயிரம் சந்தாதாரர்களும் வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆறு நாள் தறி எனக்கு 11 மணி நேரம் கொடுத்தது. மீதியை யார் கொடுப்பார்கள்? நீங்கள்தான் பார்ப்பதில்லையே.

பேய் பங்களா எடுத்தவரை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பதினொரு லட்சம் பேரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதில் பாதிப் பேர் நம் ஜில்லாக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, 340இல் நான் ஒருத்தி. அந்தச் சேலைக் காணொளியை இரண்டு முறை பார்த்தேன். பாவு போடும் இடத்தில் பின்னணி இசையை நிறுத்தியிருந்தால் தறிச் சத்தம் கேட்டிருக்கும்.

நண்டு விஷயத்தில் மட்டும் கோபம். செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் மிளகாயும் எண்ணெயும் மிதக்கும் கறி என்று ஊர் உலகம் நினைக்கிறதே, அது யார் கைங்கரியம்? கும்மாயம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி என்று எத்தனை இருக்கிறது. ஒன்றாவது காரத்தில் கண்ணீர் விட வைக்குமா? கேமரா முன் அழுதால்தான் காரம், காரமாக இருந்தால்தான் செட்டிநாடு. எங்கள் தெருவில் பணியாரம் சுடும் அம்மாவிடம் ஒருவர் வந்து, "15,000 கொடுத்தால் நல்லபடியாகச் சொல்கிறேன்" என்றாராம். அவள் ஒரு மாதம் சுட்டாலும் அவ்வளவு மிஞ்சாது. கொடுக்கவில்லை. "எண்ணெய் வாடை" என்று போட்டுவிட்டுப் போனார். இப்போது மாலையில் பாதி மாவு மிஞ்சுகிறது.

முகப்பு

எங்களிடமும் கேட்டார்கள் ஆச்சி. இரண்டு இரவு இலவசத் தங்கல், நான்கு பேருக்குச் சாப்பாடு, போக்குவரத்து. முதலாளி கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். "விளம்பரம்" என்று எங்கும் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை. இதுவரை அது தவறு என்றே எனக்குத் தோன்றியதில்லை, கணக்கப்பிள்ளை எழுதியதைப் படிக்கும்வரை.

மட்டுறுத்துநர்

ஒரு குறிப்பிட்ட காணொளி நபரின் பெயரையும் ஊரையும் போட்டு வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அவர் வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து இங்கே ஒட்டினால் நாமும் அவர் செய்த அதே வேலையைத்தான் செய்கிறோம். இழை திறந்திருக்கிறது.

கணக்கப்பிள்ளை

மேலவளவு அண்ணனுக்கு நேரடியாக: அத்துமீறி நுழைவதும் திருட்டும் தனித்தனிக் குற்றங்கள், இரண்டுக்கும் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். காணாமல் போன பலகையின் பழைய கல்யாணப் புகைப்படம் ஏதாவது இருந்தால் இணையுங்கள், கடைகளில் தேட உதவும். காணொளியை நீக்கக் கேட்டு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறித்த கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் இடிக்கும்: பங்காளிகளில் யாராவது அனுமதி கொடுத்திருந்தால் வழக்கு வலுவிழக்கும். அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலவளவு

எட்டுப் பேருக்கும் வாட்ஸப்பில் கேட்டுவிட்டேன். யாரும் கொடுக்கவில்லை என்கிறார்கள்.

நடுவில் ஒரு வேடிக்கை. அந்தப் பிரபலம் நேற்று எனக்கே போன் செய்தார். இரண்டாம் பாகம் எடுக்க வேண்டுமாம், "இந்த முறை இரவில், சார்". என் தாயாருக்கு 84 வயது, பக்கத்தில் இருந்தார்கள். போனை வாங்கி, "தம்பி, எங்கள் வீட்டைக் காட்டி எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்டார்கள். அவர் மழுப்பினார். "சரி, அதில் கோவிலுக்கு மகமை எடுத்து வைத்தாயா?" என்றார்கள். மகமை என்றால் வருமானத்தில் கோவிலுக்கென்று ஒதுக்கும் பங்கு. அந்தப் பக்கம் அது என்னவென்றே தெரியவில்லை. ஆத்தா விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கிட்டங்கி

அண்ணன், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பெயரில் இருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. நான் உங்கள் பங்காளி, கடைசிப் பங்கு.

வாட்ஸப்பில் "நான் கொடுக்கவில்லை" என்று உண்மையாகத்தான் எழுதினேன். இந்த இழையைப் படித்துவிட்டு இரவில் என் மகனைக் கேட்டேன். அவனுக்கு 17 வயது. அந்த ஆளை மூன்று வருடமாகப் பின்தொடர்கிறான். "செட்டிநாட்டில் பழைய வீடு யாருக்காவது இருக்கிறதா?" என்று அவர் நேரலையில் கேட்டபோது இவன் எழுதியிருக்கிறான். காவல்காரர் எண்ணையும் கொடுத்து, அவனே பேசித் திறக்கவும் சொல்லியிருக்கிறான். பதிலுக்கு அவர் காணொளியின் கடைசியில் இவன் பெயரை ஒரு தடவை உச்சரித்தார். அதைப் பதிவுசெய்து வைத்திருக்கிறான், எனக்குப் போட்டுக் காட்டினான்.

பேய் என்று சொல்வார் என்று தெரியாதாம். பார்த்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணா நல்லவர் அப்பச்சி, காரணம் இருக்கும் என்று நினைத்தேன்" என்றான். தன் ஐயா (தாத்தா) பிறந்த வீட்டுக்கு நான்கே முறை வந்த பையன். அந்த அண்ணனையோ தினமும் பார்க்கிறான். அவனைக் குறை சொல்வதா, கூட்டிக்கொண்டு வராத என்னைச் சொல்வதா?

புகாரில் இதையும் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம். பூச்சுச் செலவு என் பங்கு. வரும் படைப்புக்கு அவனை அழைத்து வருகிறேன்.

மேலவளவு

தம்பி, எழுதியதற்கு நன்றி. எழுதாமலே இருந்திருக்கலாம், நீ எழுதினாய்.

பூச்சைப் பிறகு பார்க்கலாம். எனக்கு இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. காவல்காரர் அன்றைக்கு உள்ளதைத்தான் சொன்னார். நான் தெருவில் நாலு பேர் பார்க்க அவரைக் காசு வாங்கியவர் என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை விளக்கை நான்தான் பஸ் பிடித்துப் போய் ஏற்றிவிட்டு வருகிறேன்.

நாளைக் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். ஆத்தாவும் வருகிறேன் என்கிறார்கள்.

பூக்கல்

வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள் அண்ணன். நாளைக்குக் கல் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறேன். உங்கள் ஆத்தா முன்னால் உட்காரலாம்.